குடல்நோயும் இளைஞர் கடமையும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில், பல்கலைக்கழக மாணவர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் மாணவர் பேசுவதென்றாற் கல்வியின் மேன்மையைப் பற்றியோ ஒழுக்கத்தின் உயர்வைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இவ்வருடம் நாங்கள் சபையிலே வாய்விட்டுப் பேசக் கூசும் ஒரு விஷயத்தைப் பேசுவதற்கு அனுமதி கேட்டோம். செயற்குழுவினர் பெருந்தன்மையோடு இசைந்தனர். வயிற்றைப் பற்றியும் மலத்தைப் பற்றியுமான பேச்சு இது. தாய்மார்கள் முன்னிலையில் இவற்றைப் பேசலாமா என்று சிலர் நினைக்கக் கூடும். இந்தக் கூச்சத்தினாலேயே பிள்ளைகள் மாதக்கணக்கில் நோயை மறைக்கிறார்கள் என்பதுதான் நாங்கள் சொல்ல வந்த முதற் செய்தி. ஆகையாற் பொறுத்தருள வேண்டுகிறோம்.

வயிற்று வியாதி மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் புதிதன்று. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் லயங்களை வாட்டின. 1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். மருந்து கொடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கக்கூஸ் கட்டவேண்டும் என்றும் வற்புறுத்தினார்கள். புழுவுக்கு மருந்து குடித்தாற் புழு போய்விடும். மீண்டும் வராதிருக்கச் சுத்தம் வேண்டும். இந்தப் பாடத்தை எங்கள் சமூகம் நன்றாகக் கற்றுக்கொண்டது. அதனாலேயே இன்றும் ஒரு பிள்ளைக்கு வயிறு வலித்து இரத்தம் போனால், "பூச்சியாக இருக்கும், சூடாக இருக்கும், மூலமாக இருக்கும்" என்று சொல்லி, அதற்குரிய மருந்தைக் கொடுத்துவிட்டு இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சில பிள்ளைகளுக்கு அது பூச்சியுமன்று, சூடுமன்று, மூலமுமன்று. அந்தச் சில பிள்ளைகளைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

அவர்களுக்கு வருவது குடல் அழற்சி நோய். வைத்தியர்கள் சுருக்கமாக ஐ.பி.டி. என்பார்கள். இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஒன்று பெருங்குடலின் உட்சுவரிற் புண் உண்டாகி இரத்தமும் சளியும் போகச் செய்வது. அதனை 1859 ஆம் ஆண்டிலே லண்டன் வைத்தியர் சாமுவேல் வில்க்ஸ் தனியொரு நோயாக எடுத்துக் காட்டினார். மற்றையது வாய்முதல் ஆசனவாய்வரை எவ்விடத்தையும் தாக்கக் கூடியது. பெரும்பாலும் சிறுகுடலின் கடைப் பகுதியைத் தாக்கும். நியூயோர்க் நகரத்து மவுண்ட் சைனாய் வைத்தியசாலையைச் சேர்ந்த குரோன் என்பவரும் அவருடைய தோழர் இருவரும் 1932 ஆம் ஆண்டில் அதனை விவரித்தார்கள். ஆகவே அது குரோன் வியாதி எனப் பெயர் பெற்றது.

இந்நோய் எதனால் வருகிறது? நம்மைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே தவறி நம் குடலின்மேற் பாய்வதனால் வருகிறது. பரம்பரையும், குடலில் வாழும் நுண்ணுயிர்களும், வாழ்க்கைச் சூழலும் சேர்ந்து இதற்கு வழிசெய்கின்றன. இது தொற்று நோயன்று. ஒரே கோப்பையிற் குடித்தாலும் ஒட்டாது. ஒரே பாயிற் படுத்தாலும் ஒட்டாது. யாரும் செய்த செய்வினையுமன்று. பெற்றோர் செய்த பாவத்தின் பலனுமன்று. இவ்விரண்டையும் ஊரறியச் சொல்லவேண்டியது எங்கள் கடமை.

இது வெள்ளைக்காரருடைய நோய், பணக்காரருடைய நோய் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அந்த எண்ணம் பொய்த்துப் போயிற்று. வட இந்தியாவிற் பஞ்சாப் மாநிலத்தில் வீடு வீடாகச் சென்று விசாரித்த வைத்தியர்கள், பெருங்குடற் புண் நோய் இலட்சம் பேருக்கு 44 பேர் என்ற அளவில் இருப்பதாக 2003 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நம் நாட்டில், கொழும்பு, கம்பஹா ஆகிய இரண்டு மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் எடுத்த கணக்கு 2010 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் 295 நோயாளர் இருந்தனர். அவர்களுள் 240 பேருக்குப் பெருங்குடற் புண். 55 பேருக்குக் குரோன் வியாதி. சிறிய தொகைதானே என்று பெரியோர்கள் கேட்கலாம். சிறிய தொகையேதான். காய்ச்சல் வந்தவனுக்குக் காய்ச்சல் கண்ட அயலவர் பத்துப்பேர் இருப்பர். அவனுக்கு ஆறுதலும் உண்டு, ஆலோசனையும் உண்டு. ஆனால் ஒரு தோட்டத்தில் ஒரே பிள்ளைக்கு மட்டும் வரும் நோய்க்கு யார் துணை? தொகை சிறிதாக இருப்பதனாலேயே அந்தப் பிள்ளையின் தனிமை பெரிதாகிறது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்நோய் பெரும்பாலும் முதுமையிற் காத்திருந்து வருவதன்று. பதினைந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள்ளேதான் பலருக்குத் தலைகாட்டுகிறது. அஃதாவது இச்சபையிற் பாய்விரித்து முன்வரிசையில் இருக்கும் எங்கள் தம்பி தங்கைகளின் வயதிலே தொடங்குகிறது.

பதினைந்து வயதுப் பிள்ளையொன்றை நினைத்துக் கொள்ளுங்கள். சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. சில வாரங்களாக வெளிக்குப் போவது அதிகமாகிறது, இரத்தமும் தென்படுகிறது. அம்மாவிடம் சொல்ல வெட்கம். அப்பாவிடம் சொல்லப் பயம். கக்கூஸ் லயத்தின் கடைசியில் இருக்கிறது. நாலு குடும்பத்துக்கும் அதுவே. நடுச்சாமத்தில் மழைக்குள்ளே டோர்ச் வெளிச்சத்தோடு இரண்டுதரம், மூன்றுதரம் எழுந்து போகவேண்டும். காலையில் உடம்பு அயர்ந்து கிடக்கும். வகுப்பிலே இடையில் எழுந்து போக அனுமதி கேட்டாற் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆகவே பாடசாலைக்குப் போகாமலே நின்றுவிடுகிறது. காலையிற் சாப்பிட்டால் வயிறு கலக்கும் என்று சாப்பாட்டையும் விடுகிறது. உடம்பு மெலிகிறது, வளர்த்தி குறைகிறது. "பிள்ளை சோம்பேறியாகிவிட்டது" என்கிறார்கள் அயலவர். அதனை மறுத்துச் சொல்ல ஒரு வார்த்தைகூட அந்தப் பிள்ளையிடம் இல்லை. ஏனென்றால் நோய்க்குப் பெயரே தெரியாது.

பிறகு ஒருநாள் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். இரத்தமும் மலமும் பரிசோதித்து, குடலுக்குள்ளே குழாய்விட்டுப் பார்த்து, சிறு துணுக்கெடுத்துச் சோதித்தே இந்நோயை உறுதிசெய்வார்கள். நம் நாடுகளிற் குடலிலே காசநோயும் வருவதுண்டு. அது குரோன் வியாதியைப் போலவே தோன்றும். இரண்டையும் பிரித்தறியாமல் மருந்து கொடுத்தால் ஆபத்து. ஆகவே வைத்தியர் தாமதிக்கிறார் என்று குறைகூறலாகாது. நோய் உறுதியான பின் மருந்துண்டு. ஸ்வீடன் தேசத்துப் பெண் வைத்தியரான நன்னா ஸ்வார்ட்ஸ் கண்ட சல்பாசலசின் குளிசை முதலாக, நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள், ஊசி மருந்துகள் வரை பல வந்துள்ளன. இவை நோயை அடக்கும், வேரோடு பிடுங்கா. நோய் அடங்கியிருக்கும் காலமும் உண்டு, கிளர்ந்தெழும் காலமும் உண்டு. ஆதலால் இந்தப் பிள்ளை வருடக்கணக்கிற் கிளினிக்குக்குப் போய்வரவேண்டும்.

கொஸ்லந்தையிலிருந்து பதுளைக்குப் போவதென்றால் என்னவென்பது உங்களுக்குத் தெரியும். விடியுமுன் பஸ் ஏறி, பெரகலை வளைவுகளிலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்புத்தளை, பண்டாரவளை கடந்து போகவேண்டும். வழியிலே கக்கூஸ் எங்கேயென்று தேடிக்கொண்டே போகும் பிரயாணம் அது. துணைக்கு வரும் தாய்க்கு அன்றைக்குப் பேர் இல்லை. பிள்ளைக்குப் பாடசாலை இல்லை. அங்கே வைத்தியரிடம் கிடைப்பது சில நிமிஷ நேரம். "எப்படி இருக்கிறாய்?" என்று அவர் கேட்பார். முன்னால் வரிசை, பின்னால் வரிசை, பக்கத்திலே தாய். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு "பரவாயில்லை" என்று சொல்லும். அந்த ஒரு சொல்லோடு அன்றைய கிளினிக் முடிந்துவிடும். மூன்று மாதத்து இரத்தப்போக்கும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துவிடும்.

இந்த இடத்திலே வள்ளுவரை நினைக்கிறோம். அவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவிலே வைத்தியத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி ஒன்று, வைத்தியன் ஒன்று, மருந்து ஒன்று, பக்கத்திலிருந்து உதவுபவன் ஒன்று. நாலுபேர் சேர்ந்து செய்யும் காரியத்தில் வைத்தியனுக்கும் முன்னதாக நோயாளியை வைத்தார் என்பதை நோக்குங்கள். அக்குறளுக்கு உரைசெய்த பரிமேலழகர் நோயாளிக்கு வேண்டிய பண்புகளையும் நான்காக வகுத்தார். அவற்றுள் ஒன்று, தன் நோயின் நிலையை வைத்தியனுக்கு எடுத்துரைக்கும் வல்லமை. நோயாளி வெறுமனே படுத்திருப்பவனல்லன்; தன் உடம்பிலே நடப்பதைக் கவனித்து, கணக்குவைத்து, தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனாக இருக்கவேண்டும் என்பது நம் முன்னோர் கருத்து. "பரவாயில்லை" என்று சொல்லும் பிள்ளைக்கு இந்த வல்லமை வாய்க்கவில்லை. வாய்க்காதது பிள்ளையின் குற்றமன்று. நாம் அதனைக் கற்றுக்கொடுக்கவில்லை.

கற்றுக்கொடுக்க முடியுமா? முடியும். 1955 ஆம் ஆண்டிலே ஒக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்னும் இரு வைத்தியர் கோர்ட்டிசோன் மருந்தைப் பரீட்சித்தபோது, நோய் கடுமையானதா இலேசானதா என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் வகுத்தார்கள். நாளொன்றுக்கு ஆறு தடவை அல்லது அதற்குமேல் இரத்தத்தோடு போவது, காய்ச்சல், நாடி வேகம் ஆகியவை அதிற் சேர்ந்திருந்தன. இவற்றை வீட்டிலிருந்தே எண்ணலாம். பிள்ளைகளுக்கென்றே பெருங்குடற் புண் நோய்க்கு 2007 ஆம் ஆண்டில் வேறோர் அளவுகோல் வந்தது. அதற்கு இரத்தப் பரிசோதனையும் வேண்டாம், குழாயும் வேண்டாம். ஆறே ஆறு கேள்விகள். வயிறு வலிக்கிறதா? இரத்தம் போகிறதா, எவ்வளவு? மலம் கட்டியா, தண்ணீரா? நாளுக்கு எத்தனை தடவை? இரவிலே எழும்பிப் போகவேண்டியிருக்கிறதா? அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா? ஒவ்வொரு பதிலுக்கும் புள்ளி உண்டு. இரத்தத்துக்கு மாத்திரம் முப்பது புள்ளி வரை. இரவில் எழும்புவதற்குப் பத்து. மொத்தம் 85. பத்துக்குக் குறைந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்று பொருள். அறுபத்தைந்தைத் தொட்டாற் கடுமை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பரீட்சைப் புள்ளியிலே மாத்திரம் கவனமாயிருக்கும் எங்களுக்கு இது வியப்பாக இருந்தது. இந்தப் பரீட்சையிற் குறையக் குறையத்தான் பெருமை! கேள்விகளையும் பாருங்கள், எங்கள் தோட்டத்துத் தமிழிலே கேட்க முடியாத கேள்வி இதில் எது? ஒன்றுமில்லை.

இப்போது இணையத்துக்கு வருகிறோம். டென்மார்க் நாட்டிலே மருத்துவர் பியா முங்கோம் அவர்களும் அவருடைய குழுவினரும் இதே முறையை இணையத்தில் ஏற்றினார்கள். பெருங்குடற் புண் உள்ளவர்கள் தங்கள் நிலையைத் தாங்களே பதிவார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெருவிளக்கைப்போல விடை வரும். பச்சையென்றால் வழக்கம்போல் இரு. மஞ்சளென்றால் வைத்தியர் முன்பே சொல்லிவைத்தபடி மருந்தைக் கூட்டு. சிவப்பென்றால் வைத்தியரைத் தேடிப் போ. டென்மார்க்கிலும் அயர்லாந்திலும் 333 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்திய இப்பரீட்சையின் முடிவு 2010 ஆம் ஆண்டில் வெளிவந்தது. டென்மார்க்கிலே, வழக்கமான முறையில் வைத்தியம் பெற்றவர்களுக்கு நோய் கிளர்ந்தால் அடங்குவதற்குச் சராசரி 77 நாள் சென்றது. இணைய வழியைக் கைக்கொண்டவர்களுக்கு 18 நாள். வித்தியாசம் எதனால்? குளிசை இருசாராருக்கும் ஒரே இனந்தான். இணைய வழிக்காரர் கிளர்ச்சியை முதலிலேயே கண்டு, உடனே மருந்தைக் கூட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் கிளினிக் நாள் வரும்வரை காத்திருந்தார்கள். 77 நாளுக்கும் 18 நாளுக்கும் இடையில் உள்ளது ஏறக்குறைய இரண்டு மாதம்.

அது பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு என்ன? அதே நாட்டில், 10 வயது முதல் 17 வயது வரையான பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் வழமைபோல ஆண்டுக்கு நாலுமுறை கிளினிக்குக்கு வந்தனர். மற்றப் பிரிவினர் மாதந்தோறும் தங்கள் நிலையை இணையத்திற் பதிந்து, ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரம் வந்தனர். கிளர்ச்சி கண்டால் உடனே பதிந்தனர். 2017 ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, இணையப் பிரிவினருக்கு நோய் மோசமாகவில்லை. கிளினிக் வருகை குறைந்தது. பாடசாலைக்கு வராத நாட்களும் குறைந்தன. அவ்வாண்டிலேயே ஒல்லாந்திலும் 909 பெரியவர்களைக் கொண்டு நடத்திய பரீட்சையிற் கிளினிக் வருகையும் ஆஸ்பத்திரியில் தங்குவதும் குறைந்ததாகக் கண்டார்கள்.

கவனியுங்கள். டென்மார்க் சமதரையான சிறிய நாடு. அங்கேகூடப் பிள்ளையின் ஒருநாட் படிப்பை மீட்பது பெரிய காரியமாக மதிக்கப்பட்டது. மலையேறி இறங்கி ஒருநாட் பேரையும் இழக்கும் எங்களுக்கு அது எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்! 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்த நாளை இச்சபையில் யாரும் மறந்திருக்கமாட்டோம். அடைமழைக் காலத்தில் எங்கள் பாதை எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. கிளினிக் நாளிற் பாதை மூடினால் மருந்து தீர்ந்துவிடும். 2022 ஆம் ஆண்டில் நாட்டிலே மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்ட பாட்டையும் அறிவீர்கள். இப்படியான காலங்களில், தன் நோயின் கணக்கைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையும், அதனைக் கேட்டு மறுமொழி தரும் வைத்தியரும் தொலைபேசியினாலே இணைந்திருந்தால் அது எவ்வளவு ஆறுதல்!

பெரியோர்களுடைய ஆட்சேபம் எங்களுக்குத் தெரியும். "கைத்தொலைபேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று நாங்கள் கத்துகிறோம், நீங்கள் அதனையே கொடுக்கச் சொல்கிறீர்களே" என்பீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கத்தியைக் கண்டு பயந்து கவ்வாத்து வெட்டாமல் விடுகிறோமா? மாதத்துக்கு ஒருதரம் ஆறு கேள்விக்கு விடை பதிவதற்குப் பிள்ளைக்கெனத் தனியே தொலைபேசி வேண்டுவதில்லை, தகப்பனுடையதே போதும். தொலைபேசி இல்லாத வீட்டிலே ஒரு கொப்பி போதும். கணக்கு வைப்பதே முக்கியம். கருவி அதற்கு அடுத்தது.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இணையத்திலே வைத்தியரும் பேசுகிறார், வியாபாரியும் பேசுகிறான். "ஏழே நாளிற் குடற்புண் முற்றாகக் குணம்" என்று விற்பவன் இரவு பகலாக விற்கிறான். அதனை நம்பி ஒரு பிள்ளை தன் குளிசைகளை நிறுத்திவிட்டால் நோய் மீண்டும் கிளரும். ஸ்டெரொயிட் வகை மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. முகம் ஊதுகிறது, தோழர் கேலிசெய்கிறார் என்பதற்காகவும் பிள்ளைகள் அதனை இரகசியமாக நிறுத்திவிடுவதுண்டு. நோய் அடங்கியதும், "இனி எதற்குக் குளிசை?" என்று விடுவதுமுண்டு. கடையில் வாங்கும் சில வலி நிவாரணிக் குளிசைகள் குடலை மேலும் புண்ணாக்கும். விரதகாலத்திலே நோயுற்ற பிள்ளை பட்டினி கிடந்து மருந்தைத் தவறவிடவேண்டும் என்று எந்தத் தெய்வமும் கேட்பதில்லை. இவற்றையெல்லாம் பிள்ளைக்கு யாரோ ஒருவர் நிதானமாகச் சொல்லவேண்டும். அந்த ஒருவர் நாமாக இருக்கலாம்.

இணையத்துக்கு இயலாத காரியங்களும் உண்டு. அது குடலுக்குள்ளே எட்டிப் பார்க்காது. இரத்தம் ஏற்றாது. கடும் இரத்தப்போக்கு, விடாத காய்ச்சல், வயிறு உப்பிப் பொறுக்கமுடியாத வலி, ஓயாத வாந்தி, மயக்கம் ஆகியவை கண்டால் தொலைபேசியிற் புள்ளி பதிந்துகொண்டிருக்கும் வேளையன்று அது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மறுமுனையிலே மறுமொழி சொல்லும் வைத்தியரோ தாதியோ இல்லாவிட்டால், எவ்வளவு அழகான இணைய ஏற்பாடும் கிணற்றிற் போட்ட கல்லே. டென்மார்க்கில் வெற்றிபெற்றது கணினி தனியாக அன்று. நோயாளி, வைத்தியர், மருந்து, துணை என்று வள்ளுவர் சொன்ன நாலுகூறும் அங்கே சேர்ந்து நின்றன. அதனாலேயே வெற்றி கிடைத்தது.

நமது பகுதியில் இந்த நாலில் எது குறை? வைத்தியர் உண்டு. இலவச வைத்தியசாலை உண்டு. மருந்தும் பெரும்பாலும் உண்டு. குறைவது நாலாவது கூறு, அஃதாவது பக்கத்தில் நின்று உதவும் துணை. அதனோடு முதலாவது கூறாகிய பிள்ளையின் பேச்சு. கிளினிக் அட்டையில் இருப்பது இங்கிலீஷ். வரிசையிற் கேட்பது சிங்களம். பிள்ளை நினைப்பது தமிழ். இம்மூன்றுக்கும் நடுவிலே "பரவாயில்லை" என்ற ஒரு சொல் மாத்திரம் தப்பிப் பிழைக்கிறது. இந்த இடைவெளியை நிரப்புவதற்குப் பெரும் பணம் வேண்டாம். இரண்டெழுத்துப் படித்த இளைஞர் வேண்டும். அவர்கள் இம்மன்றத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே நான்கு வேலைகளை இம்மன்றத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, அந்த ஆறு கேள்விகளையும் ஆபத்துக் குறிகளையும் எங்கள் தோட்டத்துத் தமிழில் ஒரு சிறிய அட்டையாக எழுதுவோம். அச்சிடுமுன் ஒரு வைத்தியரிடம் காட்டித் திருத்துவோம். தொலைபேசியில் அனுப்பக் கூடியதாகவும், சட்டைப்பையில் வைக்கக் கூடியதாகவும் அது இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் வயிற்றோட்டம் நீடித்தாலோ இரத்தம் கண்டாலோ வைத்தியசாலைக்குப் போ என்ற ஒரு வரி அதில் முதலாவதாக இருக்கட்டும். இந்நோய் இல்லாத பிள்ளைக்கும் அந்த வரி உதவும்.

இரண்டாவது, நம்பிக்கைக்குரிய ஓர் அக்காவையும் ஓர் அண்ணனையும் மன்றம் தெரிந்தெடுக்கட்டும். கிளினிக் அட்டையை வாசித்து விளக்கவும், கணக்கு எழுதப் பழக்கவும், வைத்தியரிடம் என்ன கேட்கவேண்டும் என்று முன்னதாகக் குறித்துக் கொடுக்கவும் அவர்கள் உதவுவார்கள். வைத்தியம் சொல்வது அவர்கள் வேலையன்று. பிள்ளையின் பெயர் எந்தப் பேரேட்டிலும் ஏறக்கூடாது; எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வரக்கூடாது. இரகசியம் காக்கத் தெரியாதவர் இந்தத் தொண்டுக்கு வரவேண்டாம்.

மூன்றாவது, கிளினிக் வைத்தியர்களைப் பணிவோடு கண்டு, கிளினிக் நாட்களுக்கு இடையிலே பிள்ளையின் கணக்கை அனுப்பினாற் பார்த்து மறுமொழி தருவதற்கு எந்த வழி அவர்களுக்கு இசைவு என்று கேட்போம். அவர்கள் சுமை பெரிது. ஒழுங்காக எழுதிய நாலுவரிக் கணக்கு அந்தச் சுமையைக் கூட்டாது, குறைக்கும் என்று எடுத்துச் சொல்வோம். தொலைபேசிக்கு டேட்டா போட வசதியில்லாத வீட்டுக்கு மன்றத்தின் சேமநிதியிலிருந்து உதவுவோம்.

நாலாவது, அதிபர்களையும் ஆசிரியர்களையும் கண்டு பேசுவோம். இந்நோயுள்ள பிள்ளை அனுமதி கேளாமலே வகுப்பிலிருந்து எழுந்து போக விடவேண்டும். பாடசாலைக் கக்கூஸிலே தண்ணீரும் பூட்டும் இருக்கவேண்டும். நாங்கள் படித்த மிஷன் பாடசாலையிலே காலையிற் பிரார்த்தனை முடிந்ததும் கக்கூஸ் சுத்தமாயிருக்கிறதா என்று பார்ப்பது மாணவத் தலைவனுடைய முதல் வேலை. அப்போது முணுமுணுத்தோம், அதன் அருமை இன்று விளங்குகிறது. ஒரு பூட்டும் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தால் ஒரு பிள்ளை பரீட்சை எழுதும். இல்லாவிட்டால் வீட்டிலே நிற்கும்.

இத்தனையும் ஒரு பிள்ளைக்காகவா, இரண்டு பிள்ளைகளுக்காகவா என்று கேட்பீர்களாயின், எங்கள் விடை இது. ஒரு பிள்ளைக்காகத்தான். ஆனாற் கணக்கு வைக்கவும் கூச்சமின்றிச் சொல்லவும் பழகிய ஊரிலே நீரிழிவுக்காரரும் பிழைப்பர், வலிப்புக்காரரும் பிழைப்பர், ஆஸ்துமாக்காரரும் பிழைப்பர். வாழ்நாள் முழுவதும் கூடவரும் எந்த நோய்க்கும் இந்தப் பழக்கமே பாதி மருந்து.

தாய்மார்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடம் வயிறு எப்படியிருக்கிறது என்று ஒருதரம் கேளுங்கள். "பரவாயில்லை" என்றால் அதோடு விட்டுவிடாமல் இரண்டாம் தரமும் கேளுங்கள். தம்பி தங்கைகளே, உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்வது வெட்கமன்று. அது வைத்தியத்திலே உங்களுக்குரிய பங்கு. பெரியோர்களே, இந்நான்கு வேலைகளையும் இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்திலே தீர்மானமாக நிறைவேற்றித் தரும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். அட்டையை எழுதும் வேலையை மாணவராகிய நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.